இந்த வருஷத்துப் பாட்டு

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. முன்னறையில் கொடி கட்டித் துணியைப் போட்டு மின்விசிறியை ஓடவிட்டிருந்தேன். அப்போது ஷீபா குடையோடு வந்து நின்றாள். ஈரத் துணிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். எங்கள் சபையின் பாடகர் குழுவை அவள்தான் நடத்துகிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பாவாடை சட்டைக் காலத்தில் என் வீட்டுக்காரரிடம் பாட வந்தவள், இன்றும் இவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள்.

வந்தது இந்த வருஷத்துப் பாட்டுக்காக. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மாலை கீத ஆராதனை. ஒவ்வொரு வருஷமும் அதற்கு இவர் ஒரு புதுப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, ஆர்மோனியமும் வாசிப்பார். எங்கள் பியூலா பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். வழக்கமாக அக்டோபரிலேயே பாட்டைக் கொடுத்துவிடுவார்.

எழுதியாயிற்று, கம்ப்யூட்டரில் கிடக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்றார். மதியம் வரை தேடினார். கிடைக்கவில்லை. ஷீபா இரண்டு தடவை டீ குடித்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 4, செவ்வாய்

இவர் தேடுகிற விதத்தை இன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பாவமாக இருந்தது. திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். பின்னணியில் வைத்திருந்த பேரனின் போட்டோவில் ஒரு காது மட்டும்தான் தெரிகிறது. ஒரு ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே 'நியூ ஃபோல்டர்', அதற்குள் இன்னொரு 'நியூ ஃபோல்டர்'. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்தைத் திரையோடு ஒட்டவைத்துப் பார்க்கிறார். கீழே தேடுவதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'மேய்ப்பர்' என்று அடித்தார். பாட்டு வரவில்லை. ஆடு மேய்க்கும் நாய்க்குட்டிகள் விற்பனைக்கு வந்தன.

எழுபத்தாறு வயதில் ஒருவர் தன் வீட்டில் தன் பொருளைத் தேட இவ்வளவு பாடுபட வேண்டாம். நான் பெண்கள் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தேடித் தருவதுதான் எனக்குத் தெரிந்த தொழில். எல்லாவற்றையும் நான் ஒழுங்கு பண்ணித் தருகிறேன் என்றேன். அவ்வளவு சிரமம் வேண்டாம், எங்கேயாவது வந்துவிடும் என்றார்.

நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் குக்கர் அடிபிடித்துவிட்டது. விசிலே வரவில்லை என்கிறார். வெயிட்டை மாற்ற வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

பெங்களூரிலிருந்து பியூலா போனில் சொல்லச் சொல்லச் செய்தேன். பாதிக்குமேல் அவளே அங்கிருந்தபடி நம் கம்ப்யூட்டருக்குள் வந்து செய்தாள். அம்புக்குறி தானாக ஓடுவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. தேடினால் இணையத்துக்குப் போய் நாய்க்குட்டி கொண்டுவருவதை நிறுத்தினாள். இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பெரிய எழுத்தில் ஒரே ஒரு கட்டம். எழுத்து அடிக்க அடிக்கப் பட்டியல் குறைந்துகொண்டே வரும். கோப்பின் பெயரில் மட்டுமல்லாமல் உள்ளே இருக்கும் வார்த்தையையும் தேடும்.

அப்பா கண்ணில் படவேண்டியது அந்தக் கட்டம் ஒன்றுதான், மற்றதை எல்லாம் தூக்கிவிடம்மா என்றாள். தூக்கிவிட்டேன். பேரனின் முழு முகமும் வந்தது.

அவளிடம் இவர் பேசும்போது தெருவுக்கே கேட்கிறது. லைன் சரியில்லை என்று போனை என்னிடமே கொடுத்துவிட்டார்.

நவம்பர் 8, சனி

கட்டம் வந்துவிட்டது, ஆனால் அதில் என்ன அடிப்பது? கோப்புகளுக்கு இவர் வைத்திருக்கும் பெயர்கள் 'பாட்டு', 'பாட்டு புதுசு', 'பாட்டு புதுசு சரியானது'. பழைய பாட்டுகள் வேறு அந்தக் காலத்து எழுத்துருவில் அடித்தவை. திறந்தால் ஆங்கில எழுத்தும் கமாவுமாகக் குப்பை. அவற்றைத் தமிழாக்க பியூலா ஒரு மாற்றி அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொன்றாக மாற்றி வருகிறேன்.

நூலகத்தில் எந்தப் பிள்ளையும் ஆசிரியர் பெயர் சொல்லிப் புத்தகம் கேட்டதில்லை. பச்சை அட்டை, மேலே குதிரை இருக்கும், போன வருஷம் அக்கா எடுத்தாள் என்றுதான் கேட்பார்கள். நானும் குதிரை என்றுதான் ஞாபகம் வைத்துக்கொள்வேன். அதனால் ஒவ்வொரு பாட்டாக இவருக்கு வாசித்துக் காட்டி, இதை நீங்கள் என்ன சொல்லி நினைவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அதையே பெயராக வைத்தேன். 'ஜெனரேட்டர் நின்றுபோன வருஷப் பாட்டு'. 'பியூலா கல்யாணத்துக்கு முந்தின பாட்டு'. 'மூன்று ராஜாக்களில் ஒருவனுக்குத் தொண்டை கட்டின பாட்டு'.

ரொம்ப நாளைக்குப் பிறகு இவர் வாய்விட்டுச் சிரித்தார். உட்கார்ந்தே வேலை செய்ததில் முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. இவர்தான் தைலம் தேய்த்துவிட்டார்.

நவம்பர் 12, புதன்

பழுது பார்க்கக் கொடுத்த ஆர்மோனியம் வந்துவிட்டது. கடைக்காரர் ஒரு குறையும் இல்லை என்கிறார். இவர் இரண்டு கட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னும் சுருதி சேரவில்லை என்று மூடி வைத்துவிட்டார். இந்த வருஷம் வீட்டில் எல்லாச் சாமானும் கோளாறு.

நவம்பர் 15, சனி

எல்லாம் முடிந்தது. இவரையே உட்காரவைத்து அடிக்கச் சொன்னேன். 'ஜென' என்று அடிப்பதற்குள் ஜெனரேட்டர் பாட்டு வந்து நின்றது. 'தொண்டை' அடித்தார், வந்தது. பென்ஷன் ஆணை, வீட்டு வரி ரசீது, பேரனின் ஞானஸ்நானப் படம், கேட்டதெல்லாம் வந்தது. சின்னப் பிள்ளைக்கு நீச்சல் வந்ததுபோல எனக்குச் சந்தோஷம்.

அப்புறம் இந்த வருஷத்துப் பாட்டைத் தேடினோம். 'மேய்ப்பர்' அடித்தோம். பழைய பாட்டுகள் வரிசையாக வந்தன, இது வரவில்லை. மேய்ப்பர் இல்லை, நட்சத்திரம் பற்றி எழுதினேன் என்றார். அதுவும் இல்லை. தூதர்கள் என்று ஆரம்பிக்கும் என்றார். அதுவும் இல்லை.

ஒரு இடமும் விடாமல் தேடுகிறதா என்று கேட்டார். விடாது என்றேன். பியூலாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதையும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

இவர் தூங்கிய மதிய நேரத்தில், பட்டியலைத் தேதிவாரியாக மாற்றிப் பார்த்தேன். பாட்டு என்று கடைசியாக இருப்பது போன வருஷத்தது. இந்த அக்டோபர் தேதியில் 'புதிய பாட்டு' என்று ஒன்று இருந்தது. ஓடிப்போய் எழுப்பலாம் என்று எழுந்துவிட்டேன். அப்புறம் திறந்து பார்த்தேன். வெள்ளை. அதற்கடுத்த நாளில் இன்னொன்று, அதுவும் வெள்ளை. அப்படியே அந்த மாதம் முழுக்க.

சேமிக்கும்போது ஏதோ கோளாறு ஆகியிருக்கும். எழுத்துரு மாற்றுகையில் நானே எதையாவது அழித்தும் இருக்கலாம்.

நவம்பர் 19, புதன்

கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. பருப்புப் பொடி திரித்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

வியாழனிலிருந்து இவரோடு உட்கார்ந்து மறுபடி தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று ஆராதனை முடிந்து ஷீபா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். பழகுவதற்கு நான்கு ஞாயிறுகூட முழுதாக இல்லை, பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றாள். கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது, பாட்டு அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கோயில் வாசலிலேயே நின்று சொன்னேன். வாயில் அவ்வளவு சுலபமாக எப்படி வந்ததென்று தெரியவில்லை.

வரும் வழியில் பாடகர் குழுவில் சோப்ரானோ என்கிற மேல்குரல் பாடும் பெண்கள் எல்லாரும் சுருதி விலகிப் பாடுகிறார்கள் என்று இவர் சொன்னார். எனக்கு நன்றாக இருந்தமாதிரிதான் பட்டது. ஆனால் எனக்குப் பாட்டு தெரியாது.

நவம்பர் 25, செவ்வாய்

கேக்குக்கு ஊறவைத்த பழங்களைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தபோது ஷீபா போன் செய்தாள். அவள் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாராம். எரிந்துபோன கம்ப்யூட்டரிலிருந்தும் தொலைந்ததை மீட்டுவிடுவாராம். சனிக்கிழமை நேரே வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன், மாஸ்டர் கவலைப்பட வேண்டாம் என்றாள். சரி என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

சாப்பாட்டில் உட்கார்ந்ததும் இவரிடம் சொன்னேன். கெட்டுப்போனதாக நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். சோற்றில் வைத்த கையை இவர் எடுத்துவிட்டார்.

"அவரை வரவேண்டாம்னு சொல்லிரு கிருபா. பாட்டு அதுல இல்ல."

"எதுல இருக்கு?"

"எதுலயும் இல்ல. நான் எழுதவே இல்ல. தெனமும் உக்காருதேன், ஒரு வரி வரமாட்டேங்கு. ஆர்மோனியம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஒரு காதுல ஒரு சுருதி கேக்கு, மத்த காதுல வேற சுருதி கேக்கு. ரெண்டும் சேந்தா பாட்டே இல்ல, வெறும் இரைச்சல். வைகாசியில இருந்து இப்படித்தான்."

என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று கேட்க நினைத்தேன். மோர் ஊற்றினேன்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"எப்ப இருந்து?"

"போன வாரம். வெறும் பக்கமா வரிசையா இருந்துச்சே, அதைப் பாத்தேன்."

"தெரிஞ்ச பெறகும் ஏன் தேடிக்கிட்டே இருந்த?"

"நீங்க இல்லன்னு சொல்லுறவரைக்கும் நான் தேடணும்லா."

இவர் அழுது நான் பார்த்தது மாமியார் இறந்தபோதுதான். இன்று சத்தம் வரவில்லை. தோள் மட்டும் ஆடியது. சோற்றுக் கையோடு எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அப்புறம் இரண்டு பேரும் சாப்பிட்டோம். முருங்கைக்காய் நன்றாக வெந்திருந்தது, இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 28, வெள்ளி

காது டாக்டரிடம் போய்வந்தோம். சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் இவரை உட்காரவைத்துச் சோதித்தார்கள். தலையில் மாட்டின கருவியோடு, பரீட்சை எழுதுகிற பையன்போல இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு காதும் தேய்ந்திருக்கிறது, ஒன்றுபோல இல்லாமல் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருக்கிறது, சுருதி பிசகிக் கேட்பது அதனால்தான் என்றார் டாக்டர். இளவயது அம்மாள், பொறுமையாகப் பேசினார். கருவி வைத்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும். சங்கீதம் முன்போலக் கேட்குமா என்று இவர் கேட்டார். அப்படி ஒரு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை ஐயா என்று சொல்லிவிட்டார்.

ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். பாளையங்கோட்டை பஜார் நெரிசலில் எல்லாரும் பார்க்க. நானும் எடுக்கவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

பாடிப் பழகுகிற இடத்துக்கு என்னையும் கூட வரச் சொன்னார். முழங்கால் வலியில் நொண்டிக்கொண்டேதான் போனேன். வழக்கமாக ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்துதான் பேசுவார். இன்று நின்றுகொண்டு பேசினார். பாட்டு தொலையவில்லை, எழுதவில்லை என்றார். காது விஷயத்தையும் சொன்னார். கம்ப்யூட்டர் கெட்டுப்போனது என்று என் மனைவி சொன்னது எனக்காகத்தான், அவளைத் தப்பாக நினைக்கவேண்டாம் என்றார். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம்போல இருந்தது.

நீங்கள் சுருதி விலகிப் பாடுகிறீர்கள் என்று சொன்னேனே, அதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சோப்ரானோப் பெண்களிடம் சொன்னார். அதில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஷீபாதான் எழுந்தாள்.

"வார்த்தைய நீங்க தாங்க மாஸ்டர். மெட்டு நான் போட்டுப் பாக்கேன். நல்லா இல்லன்னா சொல்லிருங்க."

"நல்லா இல்லன்னா எனக்குத் தெரியாதுல்லா" என்றார் இவர்.

எல்லாரும் சிரித்தார்கள். இவரும்.

டிசம்பர் 3, புதன்

காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மேய்ப்பர்களை எத்தனை பாட்டில் எழுதியிருக்கிறேன் என்று அடித்துப் பார்த்தார். அலுத்துப்போகும் அளவுக்கு வந்தது. ராஜாக்கள், தூதர்கள் எல்லாம் அப்படியே. பிள்ளை பிறக்க இடம் கொடுக்காத பெத்லகேம் சத்திரத்தைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று 'சத்திரம்' அடித்தார். சடசடவென்று ஒரு நீளப் பட்டியல். திறந்தால் எல்லாம் 'நட்சத்திரம்'. அந்தச் சொல்லுக்குள் இந்தச் சொல் இருப்பதால் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது.

நாற்பது வருஷமாக நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், சத்திரத்துக்குள் ஒரு தடவைகூடப் போகவில்லை என்றார். அப்புறம் ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தார். நான் கீரையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

டிசம்பர் 6, சனி

பாட்டு முடிந்தது. வாசிக்கச் சொல்லி என்னை உட்காரவைத்தார். பல்லவி இது:

இடமில்லை என்றார் எல்லாரும்,
ஒருத்தி விளக்கேந்தி வந்தாள்.

சத்திரக்காரனின் மனைவியாம். கணவன் கதவைச் சாத்திய பிறகு, பின்பக்கமாக வந்து மாட்டுக் கொட்டிலைத் திறந்துவிட்டவளாம். வேதாகமத்தில் அப்படி ஒருத்தி கிடையாது என்று சொன்னேன்.

"இருந்திருப்பா" என்றார்.

இரண்டாம் சரணத்தில்,

முழங்கால் வலியோடு முன்னே நடந்தாள்,
வைக்கோலைத் தட்டி விரித்தாள்

என்று வருகிறது. அவளுக்கு எதற்கு முழங்கால் வலி என்று கேட்டேன். அந்த இடத்தில் ஓசைக்கு அதுதான் பொருந்தியது என்றார். எனக்குப் பாட்டு தெரியாது, பொருந்தியிருக்கலாம். கோப்புக்கு 'சத்திரக்காரி' என்று பெயர் வைத்துத் தானே சேமித்தார்.

டிசம்பர் 10, புதன்

காதுக் கருவி வந்துவிட்டது. போட்டதும் இவர் முதலில் சொன்னது, வீட்டில் எங்கோ தண்ணீர் ஒழுகும் சத்தம் கேட்கிறது என்று. குளியலறைக் குழாய். நான் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 13, சனி

ஷீபா மெட்டுப் போட்டுக்கொண்டு வந்து பாடிக் காட்டினாள். கருவியைப் போட்டுக் கேட்டார், தகரத்தில் மழை பெய்வதுபோல இருக்கிறது என்று கழற்றினார். கழற்றிவிட்டுக் கேட்டார், பழைய குழப்பம். கடைசியில் அவளைப் பாடச் சொல்லிவிட்டு வாயையும் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு எங்கே எடுக்கிறாய் என்று கேட்டார். அவள் காட்டினாள். 'விளக்கேந்தி' என்ற சொல்லை நடுவில் உடைக்காதே, அதற்கு முன்னாலேயே மூச்சை எடுத்துக்கொள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் மறுபடி பாடினாள். எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

போகும்போது வாசலில், ராத்திரி தூங்க முடியவில்லை ஆன்ட்டி, இப்போது தூங்குவேன் என்றாள்.

இவர் ஆர்மோனியத்தையும் அவளோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார். அது இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருக்கிறது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. இவர் அந்தப் பக்கமே வரவில்லை. மாலையில் காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டார்.

டிசம்பர் 18, வியாழன்

கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு முந்திரிக்கொத்து உருட்டினோம். இவர் உருட்டினது எல்லாம் எலுமிச்சை அளவு. கொடுத்தனுப்பும் வீடுகளுக்குச் சின்னதைப் பொறுக்கி வைத்துவிட்டு, பெரியதை நாங்களே தின்கிறோம்.

டிசம்பர் 21, ஞாயிறு

கீத ஆராதனை முடிந்து இப்போதுதான் வந்தோம். இவர் உடை மாற்றுகிறார். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

கல்யாணமான நாளிலிருந்து கீத ஆராதனையில் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பியூலா சின்னவளாக இருந்தபோது மடியில் அவள். இவர் எப்போதும் முன்னால், ஆர்மோனியத்தோடு. எனக்கு இவருடைய முதுகுதான் தெரியும். இன்று இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்தார், மடித்தார், பையில் போட்டார். ஷீபா முன்னால் வந்து நின்றதும் கருவியைக் கழற்றிக்கொண்டார்.

சத்திரக்காரி பாட்டு கடைசியில் வந்தது. இவருக்கு எந்த வரி போகிறது என்று தெரிய வேண்டுமே என்று, பாட்டுத் தாளை இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்து, பாடப் பாட வார்த்தைகளின் கீழே விரலை ஓட்டிக்கொண்டு வந்தேன். இவர் ஒரு கண் தாளிலும் ஒரு கண் அவர்கள் வாயிலுமாக இருந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

இரண்டாம் சரணம் வந்தது. முழங்கால் என்ற இடத்தில் சோப்ரானோப் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். ஷீபா திரும்பியே பார்த்துவிட்டாள். முன் வரிசையில் இருந்தவர்களும் திரும்பினார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தாளையே பார்த்தேன். தாளில் எழுத்து எதுவும் தெரியவில்லை, கண்ணாடி முழுக்க நனைந்துவிட்டது. விரல் எந்த வரியில் நிற்கிறதென்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டது.

இவர் பாடகர்களின் வாயைப் பார்த்தார். அப்புறம் என் விரலைப் பிடித்து, அடுத்த வரிக்கு நகர்த்தினார். சரியான வரிதான்.